நாவின் பூட்டும் நஃப்ஸின் பேச்சும்: உளப்பகுப்பாய்வு குறித்து ஒரு விளக்கம்

ஹிஜ்ரி 488ஆம் ஆண்டு, ரஜப் மாதம் (கி.பி. 1095). பக்தாத் நிழாமிய்யாக் கல்லூரியில் முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நாவு பூட்டிக்கொண்டது. தம்மை நாடி வந்தவர்களின் மனம் நோகக்கூடாது என்பதற்காகவேனும் ஒரு நாள் பாடம் சொல்லிவிட வேண்டும் என்று அவர் முயன்றார். ஒரு சொல்லும் வெளிவரவில்லை. அதையடுத்து உணவு இறங்கவில்லை, பருகியதும் செரிக்கவில்லை, உடல் தளர்ந்தது. மருத்துவர்கள் வந்து பார்த்துக் கைவிரித்தனர். இது உள்ளத்தில் தோன்றி அங்கிருந்து உடலுக்குப் பரவிய நோய். உள்ளத்தை அழுத்தும் கவலை அகன்றாலன்றி மருந்தால் பயனில்லை என்பது அவர்களின் முடிவு. இவை அனைத்தையும் இமாம் அவர்களே ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்னும் தம் நூலில் எழுதி வைத்துள்ளார்கள்.

அரபுக் கல்லூரிகளில் நாம் இப்பகுதியைப் பாடமாக நடத்தும்போது, அவர் பதவியைத் துறந்து திமிஷ்க் சென்ற துறவைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறோம். அந்த மருத்துவர்களின் கூற்றை விரைந்து கடந்துவிடுகிறோம். அவர்கள் நோயைச் சரியாகக் கண்டறிந்தார்கள்; அதைத் தீர்க்கும் கருவி மட்டும் அவர்கள் பையில் இருக்கவில்லை. இமாம் அவர்கள் தம் நோய்க்குத் தாமே வழி தேடினார்கள். மீண்டும் நீஷாப்பூரில் பாடம் நடத்தத் தொடங்க ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் ஆயின. பிள்ளைகளையும் பிழைப்பையும் விட்டுப் பதினோரு ஆண்டுகள் தனித்திருக்க இயலாத ஒரு சாதாரண மனிதனுக்கு, அதே போல் நெஞ்சு அடைத்து நாவு பூட்டிக்கொண்டால், அவன் எங்கே செல்வான்?

வில்லியனூரிலும் பாகூரிலும்

புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களான வில்லியனூர், பாகூர் பகுதிகளில் இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2015ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருந்த ஆட்சிப்பகுதி புதுச்சேரி: ஒரு லட்சம் பேருக்கு 43.2. அவ்வாண்டில் நாட்டின் சராசரி 10.6. 2021இல் புதுச்சேரியின் விகிதம் 31.8 ஆகவும் நாட்டின் சராசரி 12.0 ஆகவும் இருந்தன. சிறிய ஆட்சிப்பகுதி என்பதால் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் என்பதை ஒப்புக்கொண்டாலும், இவ்விடைவெளி அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஏரியும் நெல்வயலும் கரும்பும் சூழ்ந்த பாகூரைப் பார்க்கும் எவரும் இவ்வெண்களை எளிதில் நம்பமாட்டார்.

வியப்பு என்னவெனில், இப்பகுதி மருத்துவ வசதி இல்லாத பகுதியன்று. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. பாகூர் கொம்யூனுக்குள்ளேயே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மனநல மருத்துவர் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான் இருக்கிறார். ஆயினும் மனம் நொந்த ஒருவரை வீட்டார் முதலில் அழைத்துச் செல்வது ஓதிப் பார்ப்பவரிடம். அடுத்து நாகூருக்கோ ஏர்வாடிக்கோ. அதன் பின்னரே மருத்துவமனைக்கு. அங்கே மாத்திரை தரப்படுகிறது; தூக்கம் வந்ததும் மாத்திரை நிறுத்தப்படுகிறது. துஆ, மருந்து ஆகிய இரண்டையும் அறிந்திருக்கும் நாம், இவற்றோடு சேர்ந்து நிற்கக்கூடிய மூன்றாவது வழியான பேச்சுச் சிகிச்சையை ஏறத்தாழ அறியவே இல்லை.

சுல்தான்பேட்டையில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் ஒருவர் நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஹஜ்ரத், என் மச்சி எட்டு மாசமா வாரா வாரம் டவுனுக்குப் போய் ஒரு அம்மாகிட்ட பேசிட்டு வருது. மருந்தும் இல்ல, மாத்திரையும் இல்ல. புத்தியும் சொல்றதில்லையாம், சும்மா கேட்டுக்கிட்டே இருக்காங்களாம். மௌத்தாப் போன அத்தாவைப் பத்தியெல்லாம் அங்க போய்ப் பேசுதாம். இது கூடுமா? இதனால என்ன ஆகும்?” இவ்வினாக்கள் அவருடையவை மட்டுமல்ல. ‘என்ன ஆகும்’ என்பதற்கு விடை கூறினாலன்றி ‘கூடுமா’ என்பதற்கு விடை கூற இயலாது. எனவே அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நாடி காட்டிக்கொடுத்த பெயர்

காதல் நோயால் உருகி, யாரை விரும்புகிறோம் என்பதைச் சொல்ல மறுக்கும் ஒருவனுக்கு என்ன செய்வது? இப்னு சீனா ‘அல்கானூன்’ நூலில் ஒரு முறை கூறுகிறார். நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எந்தப் பெயரில் நாடி தடுமாறுகிறதோ, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சோதிக்க வேண்டும். பின் தெருக்கள், வீடுகள், தொழில்கள் என்று கேட்டு ஆளைக் கண்டடையலாம். நாவு மறைப்பதை உடல் பேசிவிடுகிறது என்பது இதன் உட்பொருள்.

இதற்கு ஒரு படி கீழே இறங்கினால் உளப்பகுப்பாய்வு தொடங்கும் இடம் வந்துவிடும். இப்னு சீனாவின் நோயாளி தன் ரகசியத்தை அறிவான், பிறரிடம் மறைக்கிறான். வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்ட் (1856–1939) கூறியதோ, மனிதன் தன்னிடமிருந்தே மறைத்துவைத்தவையும் உண்டு என்பது. தாங்கவியலாத ஆசை, அச்சம், வெறுப்பு, துயரம் ஆகியவற்றை மனம் அறிவின் எல்லைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்டவை அழிவதில்லை. காரணம் தெரியாத உடல் வலியாக, தொடர்ந்து வரும் கனவாக, ஒரே வகைத் தவறை வாழ்நாள் முழுவதும் திரும்பச் செய்யும் பழக்கமாக அவை வேறு வேடத்தில் திரும்பி வருகின்றன. தள்ளிவைத்தலை ஒடுக்கம் என்றும், தள்ளப்பட்டவை கிடக்கும் தளத்தை நனவிலி என்றும் தமிழில் வழங்குகிறோம். அரபியில் இவை ‘கப்த்’ எனவும் ‘அல்லாஷுஊர்’ எனவும் அழைக்கப்படுகின்றன. எகிப்திய உளவியல் அறிஞர் யூசுஃப் முராத் இந்த இரண்டாவது சொல்லை இப்னு அரபியின் சொல்லாட்சியிலிருந்து எடுத்தாண்டார் என்று வரலாற்றாசிரியர் ஓம்னியா அல்ஷாக்ரி 2017இல் வெளிவந்த தம் நூலில் காட்டுகிறார்.

பேச்சே மருந்தாகலாம் என்ற எண்ணம் ஒரு பெண்ணிடமிருந்து பிறந்தது. 1880 முதல் 1882 வரை வியன்னாவில் ஜோசப் பிராயர் என்ற மருத்துவர், பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த அவருக்கு ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜெர்மன் பேச வரவில்லை. ஆங்கிலம் மட்டுமே வந்தது. ஒவ்வோர் அறிகுறியும் எந்நாளில், எச்சூழலில் தோன்றியது என்று அவர் பேசப் பேச அது தணிந்ததாகப் பிராயர் பதிவு செய்தார். ‘பேச்சுச் சிகிச்சை’ என்ற பெயரை இட்டவரும் அப்பெண்தான். 1895இல் பிராயரும் ஃபிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில் இது முதல் வெற்றியாகக் காட்டப்பட்டது. ஆனால் அந்நூல் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. 1882க்குப் பிறகும் பெர்த்தா பலமுறை மருத்துவ இல்லங்களில் சேர்க்கப்பட வேண்டியிருந்தது. நலம் பெற்று, யூதப் பெண்கள் நலனுக்காக உழைத்த தலைவராக அவர் புகழடைந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னரே. பேசியவுடன் நோய் பறந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இம்முதல் நோயாளியின் முழுக் கதையையும் அறிந்திருப்பது நல்லது.

தேன் எந்தப் பாத்திரத்தில் இருந்தால் என்ன?

ஃபிராய்ட் இறைநம்பிக்கையற்றவர். 1927இல் அவர் வெளியிட்ட நூலில் சமயத்தையே ஒரு மாயை என்றார். அவர் பெயரைக் கேட்டதும் ஆலிம்கள் முகம் சுளிப்பதற்கு இது போதுமான காரணமே. சூடானிய உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரி (1932–2021), முஸ்லிம் உளவியலாளர்கள் மேற்கத்தியக் கோட்பாடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதை 1979இல் வெளிவந்த தம் நூலில் கடுமையாகச் சாடினார். அந்த எச்சரிக்கை இன்றும் செல்லுபடியாகும்.

எனினும், சொன்னவர் யார் என்பதைக் கொண்டு சொன்னதை ஒதுக்கும் போக்கைக் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அதே ‘முன்கித்’ நூலில் கண்டிக்கிறார்கள். இரத்தம் எடுப்பவரின் குவளையில் தேன் இருந்தால், குவளையைப் பார்த்து அருவருக்கும் பாமரன் தேனையே இழந்துவிடுகிறான் என்பது அவர்கள் தரும் உவமை. மெய்யியலாரின் கணிதத்தையும் தர்க்கத்தையும் அவர்களின் இறையியலிலிருந்து பிரித்தெடுத்தது போல, ஃபிராய்டின் சமயக் கருத்தை அவரது கேட்கும் முறையிலிருந்து பிரித்தெடுக்க முடியும். முஸ்லிம் உலகில் இப்பணி நடந்தே வந்துள்ளது. அவரது கனவு நூலை 1958இல் ‘தஃப்ஸீருல் அஹ்லாம்’ என்ற பெயரில் நேர்த்தியான அரபியில் தந்தவர் இஸ்கந்தரிய்யாவில் பிறந்து பாரிஸில் உளப்பகுப்பாய்வாளராக வாழ்ந்த முஸ்தஃபா சஃப்வான் (1921–2020).

இதற்கு மறுமுனையில் மற்றொரு பழக்கமும் நம்மிடம் உண்டு: எது வந்தாலும் ‘இது எங்களிடம் முன்பே இருந்தது’ என்று கூறிவிடுவது. அபூ ஸைத் அல்பல்கீ (இ. கி.பி. 934) ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலில், காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் தெரியாத துயரத்தையும் பிரித்துக் காட்டினார், பிறருடைய சொல்லால் வரும் சிகிச்சையையும் தன் சிந்தனையால் செய்துகொள்ளும் சிகிச்சையையும் பேசினார். நாம் பெருமைப்படத்தக்க செய்தி இது. ஆனால் பல்கீ உளப்பகுப்பாய்வைக் கண்டுபிடிக்கவில்லை. முஹாஸபா எனும் தன்கணக்குப் பார்த்தலும் உளப்பகுப்பாய்வும் ஒன்றல்ல. முஹாஸபாவில் நஃப்ஸ் கூண்டில் நிறுத்தப்படுகிறது. தீர்ப்பு உண்டு, தவ்பா உண்டு. உளப்பகுப்பாய்வில் தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது. முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே வேலை. இரண்டும் சந்திக்கும் இடம் வேறு. தன் குறையைத் தானே காண்பது மனிதனுக்கு மிகக் கடினம் என்று கூறும் கஸ்ஸாலி (ரஹ்), அதற்கு நான்கு வழிகளை ‘இஹ்யா’வில் எழுதுகிறார்கள்: அகக்கண் திறந்த ஷெய்கு, உண்மையான நண்பர், பகைவரின் நாவு, மக்களோடு பழகி அவர்களிடம் காணும் குறையைத் தன்னிடம் தேடிப் பார்ப்பது. நான்கிலும் இன்னொரு மனிதர் வேண்டியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். உளப்பகுப்பாய்வும் இந்த உண்மையின் மீதே கட்டப்பட்டிருக்கிறது.

அந்த அறையில் நடப்பது

மரபான உளப்பகுப்பாய்வில் வாரத்துக்கு நான்கைந்து நாட்கள் சந்திப்பு நடக்கும். நோயாளி சாய்வுக் கட்டிலில் படுத்திருப்பார். பகுப்பாய்வாளர் அவர் பார்வையில் படாமல் பின்னால் அமர்ந்திருப்பார். இதற்கு முழுப் பயிற்சி பெற்றவர்கள் இந்தியாவில் மிகச் சிலரே, அவர்களும் பெருநகரங்களில். நம் பகுதியில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடியது இதன் எளிய வடிவம்: வாரம் ஒருமுறை, எதிரெதிரே அமர்ந்து, 45 அல்லது 50 நிமிடங்கள். அதே நாள், அதே நேரம், அதே அறை. இந்த ஒழுங்கு வெறும் அலுவலக வசதிக்காக ஏற்பட்டதன்று. தொழுகைக்கு நேரம் குறிக்கப்பட்டிருப்பதன் பயனை அறிந்த நமக்கு, குறித்த நேரம் மனத்தை எவ்வாறு பக்குவப்படுத்துகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

விதி ஒன்றே: மனத்தில் வருவதை, அற்பம் என்றோ வெட்கம் என்றோ தள்ளாமல் சொல்வது. கேட்க எளிது. முதல் சில வாரங்களில் பலர் உடலைப் பற்றியே பேசுவர். ‘நெஞ்சு அடைக்கிறது’, ‘தலை கனக்கிறது’, ‘உடம்பெல்லாம் எரிகிறது’ என்று நம் பெண்கள் கூறுவதைச் சில மருத்துவர்கள் எரிச்சலோடு ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் அது வேறு எதையோ சொல்ல அவர்களுக்குக் கிடைத்த ஒரே மொழி. பயிற்சி பெற்றவர் அதை அங்கிருந்தே தொடர்கிறார்.

அறிவுரை கிடைக்காது என்பதே நம்மவர்களுக்கு மிகப் பெரிய ஏமாற்றம். உஸ்தாதிடமோ ஹகீமிடமோ சென்றால் எதைச் செய், எதைச் செய்யாதே என்று கேட்டுத் திரும்பிப் பழகியவர்கள் நாம். இந்திய உளமருத்துவ அறிஞர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தனர். ஜஸ்வந்த் சிங் நேக்கி 1973இல், இங்குச் சிகிச்சை உறவுக்குக் குரு-சீடர் உறவே பொருத்தமான மாதிரியாகலாம் என்று எழுதினார். ஃபிராய்டுடன் கடிதத் தொடர்பு கொண்டு 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், தம் இந்திய நோயாளிகளின் மனவமைப்பு ஐரோப்பியரின் வார்ப்பில் அப்படியே அடங்கவில்லை என்று ஃபிராய்டுக்கே எழுதினார். கருவியை இடத்துக்கேற்பத் தீட்டவேண்டும் என்பதற்கு வேறொரு சான்று அல்ஜீரியாவிலிருந்து கிடைக்கிறது. பிளிடா மனநல மருத்துவமனையில் 1953 முதல் 1956 வரை பணியாற்றிய ஃபிரான்ஸ் ஃபனோன், ஐரோப்பியப் பெண்களிடம் பலனளித்த குழுச் சிகிச்சை முஸ்லிம் ஆண்களிடம் முற்றிலும் தோற்றதைக் கண்டார். பிழை நோயாளிகளிடம் இல்லை, நம் முறையில்தான் என்று அவர் முடிவுசெய்தார். பிறகு அவர்களுக்குப் பழகிய காப்பிக்கடை ஒன்றை மருத்துவமனைக்குள் அமைத்தார். பெருநாட்களைக் கொண்டாடச் செய்தார். நம் ஊரில் சிகிச்சையளிப்பவர் முதல் மாதங்களில் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவதிலும் விளக்குவதிலும் தவறில்லை என்பதே என் கருத்து. முற்றிலும் வாய்மூடி அமர்ந்திருக்கும் ஒருவரைக் கிராமத்துப் பெண், தன்னை மதிக்காதவர் என்றே எடுத்துக்கொள்வாள்.

மூன்று நான்கு மாதங்களில் ஒரு திருப்பம் வரும். அதுவரை ‘நல்ல அம்மா’ என்று புகழ்ந்த சிகிச்சையாளர் மீது திடீரென்று கோபம் வரும். அல்லது அளவுக்கு மீறிய பற்று வரும். ‘அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை’, ‘என்னைப் பற்றித் தவறாக நினைக்கிறார்’ என்று தோன்றும். தந்தையிடமோ தாயிடமோ கொண்டிருந்த பழைய உணர்வு இப்போது இந்தப் புதிய மனிதரின் மேல் ஏறியிருக்கிறது. உணர்வு இடமாற்றம் என்று இதனை அழைப்பர். பலர் சிகிச்சையை விட்டு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். ஓடாமல் அந்தக் கோபத்தை அந்த அறையிலேயே சொல்லிவிடுகிறவர்களுக்கு உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. பழைய உறவு ஒன்று கண்முன்னே மறுபடி நடப்பதைப் பார்க்கும் வாய்ப்பு அது. இக்காலத்தில் அழுகை கூடலாம், தூக்கம் கெடலாம். வீட்டார் ‘போகப் போக மோசமாகிறாளே’ என்று அஞ்சுவர். சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்பு. ஆனால் உண்ணாமை, உறங்காமை நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தாலோ, அதைச் சிகிச்சையாளரிடமும் மருத்துவரிடமும் உடனே கூறவேண்டும்.

கனவுகளும் பேசப்படும். இதில் நம்மவர்களுக்குக் குழப்பம் வேண்டாம். கனவை மூவகையாகப் பிரிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது: அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தானின் அச்சுறுத்தல், மனிதன் தன்னோடு தானே பேசிக்கொள்வது. சிகிச்சையாளர் கையிலெடுப்பது இந்த மூன்றாம் வகையை மட்டுமே. அவர் பலன் கூறமாட்டார். ‘இந்தக் கனவில் வந்த பூட்டிய கதவு எதை நினைவூட்டுகிறது?’ என்று கண்டவரையே கேட்பார்.

எவ்வளவு காலம்? மாதங்கள் அல்ல, ஆண்டுகள் என்றே கொள்ளவேண்டும். ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் அரிதன்று. பலன் என்ன? லண்டன் டாவிஸ்டாக் மருத்துவகத்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வை நேர்மையான சான்றாகக் கருதுகிறேன். பல சிகிச்சைகளுக்கும் மசியாத நெடுநாள் மனச்சோர்வு கொண்ட 129 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் 18 மாதங்கள் வாரந்தோறும் உளப்பகுப்பாய்வு வழிப் பேச்சுச் சிகிச்சை. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். முழுமையாகக் குணமடைந்தவர்கள் சிகிச்சை முடிந்தபோது இரு பிரிவிலும் சிலரே. ஆனால் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 44 விழுக்காட்டினரிடம் கடும் மனச்சோர்வு நோய்க்குரிய அளவுகோல்கள் பொருந்தவில்லை. மற்ற பிரிவில் அவ்வாறானவர்கள் 10 விழுக்காடே. விதைத்த பின் நெடுநாள் கழித்து முளைக்கும் வித்து இது. பாதிக்கு மேற்பட்டோருக்கு அப்பலன் கிட்டவில்லை என்பதையும் அதே எண் கூறுகிறது.

ஷரீஅத்தின் நோக்கில் எழும் ஐயங்கள்

இறந்த தந்தையைப் பற்றி அந்நியரிடம் பேசுவது கீபத் எனும் புறம்பேசுதல் ஆகாதா? இமாம் நவவீ (ரஹ்) ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில், பிறர் குறையைக் கூற மார்க்கம் அனுமதிக்கும் ஆறு சூழல்களை வகுத்துள்ளார்கள். இழைக்கப்பட்ட அநீதியை முறையிடுவதும், தீர்ப்புக் கேட்பதற்காக நிலைமையை விவரிப்பதும் அவற்றுள் அடங்கும். ஹிந்த் (ரலி) அவர்கள் தம் கணவர் அபூ ஸுஃப்யான் (ரலி) அவர்களின் கைச்சிக்கனத்தை நபி (ஸல்) அவர்களிடம் எடுத்துக் கூறி வழிகேட்ட நிகழ்ச்சி இதற்குரிய ஆதாரங்களுள் ஒன்று. நபியவர்கள் அவரைத் தடுக்கவில்லை, வழி கூறினார்கள். நோய் தீர்க்கும் தேவைக்காக, தேவையான அளவு, ரகசியம் காப்பவரிடம் பேசுவது இதனோடு ஒப்பிடத்தக்கது. இறந்தவர்களின் நற்செயல்களை நினைவுகூர வேண்டும் என்பதும் நம் மார்க்கத்தின் பண்பாடே. ஆனால் தந்தையின் அடியை நினைத்து நடுங்கும் மகளுக்கு அந்த நடுக்கம் தீர்ந்தாலன்றி அவரது நற்செயல் நினைவுக்கு வருவதில்லை. பேசி முடித்த பின்னரே தந்தைக்காக மனமாரத் துஆ கேட்க முடிந்தவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம்.

தன் பாவத்தையே கூறலாமா என்பது இரண்டாவது ஐயம். அல்லாஹ் மறைத்ததை வெளிப்படுத்துவது கண்டிக்கப்பட்டது. எனினும் ‘அல்அத்கார்’ நூலில் நவவீ (ரஹ்) அவர்களே, பாவத்திலிருந்து மீளும் வழியைக் கூறுவார் என்று நம்பத்தகும் ஷெய்கிடமோ அவரைப் போன்றவரிடமோ சொல்வதில் குற்றமில்லை, அது நல்லதே என்கிறார்கள். பெருமையடிக்கப் பேசுவதும் மருந்து தேடிப் பேசுவதும் வேறுவேறு.

மூன்றாவது, கல்வத். அந்நிய ஆணும் பெண்ணும் தனியறையில் இருப்பது குறித்த விதி இங்கும் உண்டு; சிகிச்சை என்ற பெயரால் அது தளர்ந்துவிடாது. பெண்களுக்குப் பெண் சிகிச்சையாளரைத் தேடுவதே முறை. இத்துறையில் பெண்கள் பலர் இருப்பதால் இது அரிதுமன்று. இயலாத இடத்தில், குரல் கேளாத, ஆனால் கண்ணாடி வழியே பார்க்க முடிகிற அறையைக் கேட்டுப் பெறலாம்.

ரகசியம் காப்பது சிகிச்சையாளர் மீதுள்ள அமானிதம் மட்டுமன்று, சட்டமும்கூட. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் நோயாளியின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் உண்டு. அவை எவை என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

எவ்விடத்தில் இது போதாது

இல்லாத குரல் கேட்பவர், தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று உறுதியாக நம்புபவர், நாட்கணக்கில் உறங்காமல் ஆர்ப்பரித்துச் செல்வத்தை வாரி இறைப்பவர் ஆகியோருக்கு முதல் தேவை மருந்து. அவர்களைக் கட்டிலில் படுக்கவைத்துக் குழந்தைப் பருவத்தைக் கிளறுவது தீங்காகவும் முடியலாம். மாத்திரை உண்டுவருபவர், பேச்சுச் சிகிச்சை தொடங்கிவிட்டோம் என்று தாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது. தற்கொலை எண்ணம் உடனடியாக அழுத்தும்போது வாராந்திரச் சந்திப்புக்குக் காத்திருக்கக் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். தற்கொலைக்கு முயன்றவரை மிகுந்த மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. காவல்துறைக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாமல் மறைக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஏர்வாடியையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நாடி வந்தவர்களை வைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர். சங்கிலியிடுவதை இன்றைய சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. துஆ கேட்பதற்கும் ஓதிப் பார்ப்பதற்கும் இந்நிகழ்ச்சியில் பழி இல்லை. மருந்தின் இடத்தில் சங்கிலியை வைத்ததே பழிக்குரியது.

இனி, யாரை நாடுவது? ‘கவுன்சலர்’ என்ற பலகையை யாரும் மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலையில், எச்சரிக்கை தேவை. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் பெற்றவர், மருந்து எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். பேச்சுவழிச் சிகிச்சையில் பயின்றவர். அவரிடம் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் உண்டா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் தொடங்குவதே எளிது. அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆனால் அங்கே கூட்டம் மிகுதி. வாரந்தோறும் 50 நிமிடங்கள் ஒதுக்குவது எல்லா இடத்திலும் நடக்காது. தனியாரிடம் செல்வோர் ஓராண்டுக்கு ஆகும் செலவை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பாதியில் பணமின்றி நிறுத்துவது, கட்டுப் பிரித்த புண்ணை அப்படியே விட்டுவிடுவது போன்றது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் அலைபேசிக் காணொளி வழியாகவும் சிகிச்சை பரவலாகியிருக்கிறது. பாகூரில் இருந்துகொண்டு சென்னையில் உள்ள தமிழ்ச் சிகிச்சையாளரோடு பேசலாம். சிக்கல் இணையத்தில் இல்லை. இரண்டு அறை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெண் 50 நிமிடங்கள் பேச எந்த வீட்டில் இடம் இருக்கிறது? சிலர் மாடிப்படியில் அமர்ந்து பேசுகிறார்கள்.

இமாம்களும் மக்தப் ஆசிரியர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓதிப் பார்க்க வருபவரை ஓதிவிட்டு, ‘மருத்துவரையும் பார்’ என்று அதே வாயால் சொல்லி அனுப்புவது. ‘ஈமான் உள்ளவனுக்கு மனநோய் வராது’ என்று மிம்பரில் சொல்லாதிருப்பது. மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று குர்ஆனே கூறும்போது, அப்படிச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

வீட்டார் செய்யவேண்டியது அதனினும் எளிது. ஆனால் அதுவே அவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. அவள் திரும்பி வந்ததும் ‘இன்று என்ன பேசினாய்?’ என்று கேட்கக்கூடாது. சொல்ல நினைத்தால் அவளே சொல்வாள். பேருந்து நிறுத்தம் வரை துணைக்குச் செல்லலாம். தாமதமானால் சோற்றை மூடி வைக்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்.